வீட்டுக் கராஜுக்குள் அடங்கும் கேம்பர் வேன்: மலைநாட்டில் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பண்டாரவளையில் எங்கள் வீட்டுக் கராஜ் வாசலின் கொங்கிறீட் பீமில் இரண்டடி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல் இருக்கிறது. படுக்கையும் அடுப்பும் பொருத்திக் குடும்பத்துடன் ஊர் சுற்றலாம் என்று ஆசையோடு வாங்கிய முதல் வேனை வீட்டுக்குக் கொண்டுவந்த மாலையில் விழுந்த கீறல் அது. வாசலின் உயரம் 2.13 மீற்றர், அதாவது ஏழடி. வேனின் உயரம் 2.105 மீற்றர். இரண்டரை சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் முற்பணம் கொடுத்தேன். மாமனார் டோர்ச் வெளிச்சத்துடன் உள்ளே நின்று, "வாங்க மாப்பிள்ளை, இன்னும் வரலாம்" என்று கை காட்டிக்கொண்டிருக்கும்போதே கூரை பீமில் உரசிச் சிக்கியது. வீதியிலிருந்து கராஜுக்கு இறங்கும் சரிவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கூரையின் டிங்கரிங், பெயின்ற் வேலைக்கு மட்டும் 46,000 ரூபாய் போனது. ஐந்து மாதம் வீதியோரத்தில் மழையில் நின்ற அந்த வேனைக் கடைசியில் நட்டத்துக்கு விற்றேன்.

மலைநாட்டில் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளே அதிகம் என்பதால், இந்தத் தவறு யாருக்கும் நேரலாம். இரண்டாவது முறை வாங்கியபோது நான் கடைப்பிடித்த ஒழுங்கைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்: முதலில் கராஜ், பிறகு வேன், அதன் பிறகுதான் உள்ளே பொருத்தும் வசதிகள்.

1. வேன் தேடுமுன் கராஜை அளந்துகொள்ளுங்கள்

வாசலின் உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் அளந்து, அவற்றில் மிகக் குறைவானதையே உங்கள் கராஜின் உயரமாக எழுதிக்கொள்ளுங்கள். ரோலர் கதவு என்றால் கதவை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு அளக்க வேண்டும்; சுருண்ட தகடும் அதன் அடிப்பட்டையும் பீமுக்குக் கீழே சில சென்ரிமீற்றர் தொங்குவது வழக்கம். வாசலோடு நின்றுவிடாமல் உள்ளே போய், குறுக்கே ஓடும் பீம், குளியலறைக் குழாய், மின்குமிழ், மேலே கட்டிவைத்த ஏணி என்று தலைக்கு மேல் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தரையிலிருந்து உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அகலத்தைத் தரையோடும், பக்கக் கண்ணாடி வரும் உயரத்திலும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். விற்பனை விளம்பரங்களில் தரப்படும் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை. 1.695 மீற்றர் என்று சொல்லப்படும் வேன், கண்ணாடிகளை விரித்தால் இரண்டு மீற்றரையும் தாண்டும். ஆகவே வாசல் எட்டடி, அதாவது 2.44 மீற்றர் இருந்தால் நிம்மதியாக நுழையலாம். ஏழடி என்றால் ஒவ்வொரு முறையும் கண்ணாடிகளை மடிக்க வேண்டியிருக்கும்.

உள்ளே நிறுத்திய பிறகு நீங்கள் வெளியே வரவும் வேண்டும். நம் நாட்டுக்கு வரும் ஜப்பானிய வேன்களில் சாரதியின் கதவு வலப்பக்கமும், இழுவைக் கதவு சிலவற்றில் இடப்பக்கம் மட்டுமே இருக்கும். வலப்பக்கம் 60 சென்ரிமீற்றர் விட்டு, இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் சாரதி இறங்கலாம், ஆனால் இழுவைக் கதவால் ஏற இயலாது. கராஜுக்குள்ளேயே படுக்கையை ஒழுங்குபடுத்தவும் சாமான் ஏற்றவும் எண்ணினால் இருபுறமும் இடம் வேண்டும். இதை மனைவியுடனும் பிள்ளைகளுடனும் பேசி முடிவெடுங்கள், ஏனென்றால் பயணத்துக்கு முதல் நாள் இரவு சாமான் அடுக்குவது அவர்களும் சேர்ந்துதான்.

நீளத்தில் வேனின் அளவுக்கு மேல் முன்னால் 30 சென்ரிமீற்றரும் பின்னால் ஆள் நடக்க 60 சென்ரிமீற்றரும் வையுங்கள். மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு திறக்கும்போது கூரையைவிட உயர எழும்பும், பின்னாலும் ஏறக்குறைய ஒரு மீற்றர் இடம் கேட்கும். தாழ்ந்த கராஜுக்குள் அதைத் திறக்க முடியாது என்றே திட்டமிடுங்கள்.

2. சரிவு எவ்வளவு உயரத்தைத் தின்கிறது என்று கணக்கிடுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தவறவிட வேண்டாம். என்னுடைய இழப்பு முழுவதும் இங்கேதான் நடந்தது.

கராஜுக்குள் இறங்கும் சரிவு வாசலில் வந்து சமதரையைத் தொடும்போது, முன்சக்கரங்கள் சமதரையிலும் பின்சக்கரங்கள் இன்னும் சரிவின் மேலேயும் இருக்கும். அந்த நேரத்தில் வேனின் நடுப்பகுதி, சரிவும் தரையும் சேரும் மூலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு நேர் மேலேதான் வாசல் பீம் இருக்கிறது. எவ்வளவு தூக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சரிவின் விகிதத்தால் பெருக்கி, நான்கால் வகுக்க வேண்டும். டொயோட்டா ஹயஸ் வேனில், நம்மவர்கள் கே.டி.எச். என்று சொல்லும் வகையில், அச்சுகளுக்கிடையே 2.57 மீற்றர். எட்டு அடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அது 8 சென்ரிமீற்றர் தூக்கும். ஆறு அடிக்கு ஓரடி இறங்கினால் 10.7 சென்ரிமீற்றர். எங்கள் சரிவு எட்டுக்கு ஒன்று. 2.105 மீற்றர் வேன், அந்த வாசலுக்கு உண்மையில் 2.185 மீற்றர் வேன்.

வீதியைவிடக் கராஜ் உயரத்தில் இருந்து, ஏறிப் போக வேண்டிய வீடுகளிலும் தொல்லை உண்டு. அது வேறு இடத்தில் வரும். முன்சக்கரங்கள் உள்ளே போன பிறகும் பின்சக்கரங்கள் சரிவில் இருப்பதால் வேனின் முகம் மேல்நோக்கி நிமிரும். வாசலைத் தாண்டியதும் வரும் முதல் உட்பீமில் முன்கூரை இடிக்கலாம், வாசற்படியில் அடிப்பாகம் தட்டலாம்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்களும், என்னைப் போலச் சரிவு சீராக இல்லாதவர்களும் ஒரு மாதிரிச் சட்டம் செய்து பார்ப்பது நல்லது. வளையாத மரச்சட்டம் ஒன்றை வேனின் அச்சுகளுக்கிடையிலுள்ள தூரத்துக்கு, ஹயஸ் என்றால் 2.57 மீற்றருக்கு வெட்டி, அதன் இரு முனைகளின் அடியிலும் ஒரு கைப்பிடி உயரத்துக்கு ஒரே அளவான இரண்டு மரத்துண்டுகளை அடியுங்கள், அவை சக்கரங்கள். சட்டத்தின் நடுவிலும் இரு முனைகளிலும் செங்குத்தாக மூன்று குச்சிகளை நிறுத்தி, மரத்துண்டின் அடியிலிருந்து குச்சியின் உச்சிவரை நீங்கள் வாங்க நினைக்கும் வேனின் உயரம் வரும்படி வெட்டுங்கள். குச்சிகளின் தலையில் கூரையின் நீளத்துக்கு ஒரு மெல்லிய சட்டத்தை ஆணியடித்தால், அதுதான் வேனின் கூரை. முன் அச்சுக்கு முன்னால் கூரை நீளும் அளவையும் பின்னால் நீளும் அளவையும் அதில் சரியாக விட வேண்டும். இரண்டு பேர் பிடித்து, இதை வீதியிலிருந்து கராஜின் கடைசிச் சுவர்வரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கே வேனும் தட்டும். கோழிக்கூடு கட்டி மிஞ்சிய சட்டங்களில் மாமனாரும் நானும் ஒரு ஞாயிறு காலையில் இதைச் செய்து முடித்தோம். மேற்சட்டம் பீமின் அந்த வெள்ளைக் கீறலுக்குக் கீழே ஏழு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுத் தாண்டிப் போனதைக் கண்ட பிறகுதான் இரண்டாவது வேனுக்கு முற்பணம் கொடுத்தேன்.

கடைசியில் மிஞ்சும் இடைவெளி 5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. டயரில் காற்றை முழுதாக அடைத்து, சாமான் இல்லாமல் வெறுமையாக நிற்கும்போது வேன் உயர்ந்து நிற்கும். சாமான் ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்கித் தாழும். வெறும் வேனின் உயரத்தையே கணக்குக்கு எடுங்கள்.

இடம் போதாவிட்டால் பீமின் அடியைக் கொஞ்சம் கொத்தி எடுக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். பீமின் பாரத்தைத் தாங்கும் கம்பிகள் அதன் அடிப்பக்கத்தில்தான் ஓடுகின்றன. தரையைத் தாழ்த்தினால் சரிவு இன்னும் செங்குத்தாகும். ஓரளவு பயன் தரும் வழி, வாசலுக்கு வெளியே ஒன்றிரண்டு மீற்றரைச் சமதரையாக்கிச் சரிவை அதற்கு அப்பால் தொடங்கச் செய்வதுதான். ஆனால் மண் வெட்டுவதற்கோ தாங்குசுவரில் கை வைப்பதற்கோ முன், பிரதேச சபையிலோ நகர சபையிலோ கேளுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படும். பதுளையும் நுவரெலியாவும் கண்டியும் அவற்றுள் அடங்கும்.

3. வாசலுக்கு ஏற்ற வகையைத் தெரிவுசெய்யுங்கள்

ஜப்பானில் சிறு வாகன வகுப்புக்கு 4.70 மீற்றர் நீளம், 1.70 மீற்றர் அகலம், 2.00 மீற்றர் உயரம் என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள் அமைந்த வேன்களே சாதாரண வீட்டுக் கராஜுக்குப் பொருந்துகின்றன.

ஹயஸ் கே.டி.எச். வேனில் சாதாரணக் கூரை வகை 4.695 மீற்றர் நீளம், 1.695 மீற்றர் அகலம், 1.98 மீற்றர் உயரம். இதே பெயரில் அகல உடல் கொண்ட நடுத்தரக் கூரை வகை 4.84 மீற்றர் நீளமும் 1.88 மீற்றர் அகலமும் 2.105 மீற்றர் உயரமும் உடையது. நான் முதலில் வாங்கியது அதைத்தான். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்று எல்லோரும் விரும்பும் நீண்ட உயர்கூரை வகை 5.38 மீற்றர் நீளம், 2.285 மீற்றர் உயரம். ஏழடி வாசலுக்குள் அது எந்த வழியிலும் போகாது. விளம்பரத்தில் "கே.டி.எச்." என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கூரை என்று தொலைபேசியிலேயே கேளுங்கள், போய்ப் பார்க்கும்போது அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள்.

சாதாரணக் கூரை வகையில் உள்ளே நிற்க முடியாது. தரையிலிருந்து உட்கூரைவரை 1.3 மீற்றர் சொச்சம்தான். ஆனால் பின் ஆசனங்கள் இல்லாத சரக்கு வகையில் ஏறக்குறைய மூன்று மீற்றர் நீளத் தரை கிடைக்கும். இருவர் நீட்டி நிமிர்ந்து படுத்து, காலடியில் சமையல் பெட்டி வைக்கவும் இடம் மிஞ்சும். இருவர் அல்லது ஒரு பிள்ளையுடன் மூவருக்கு இதுவே என் முதல் பரிந்துரை. நிஸான் என்.வி. 350 வேனின் சாதாரண வகையும் கிட்டத்தட்ட இதே அளவு.

டவுன் ஏஸ் 402 நான்கு மீற்றருக்குச் சற்றே கூடுதலான நீளமும் 1.665 மீற்றர் அகலமும் கொண்டது; குறுகிய கராஜுக்கு ஏற்றது. சுசுகி எவ்ரி போன்ற 660 சீ.சீ. சிறு வேன்கள் 3.395 மீற்றர் நீளம், 1.475 மீற்றர் அகலம். முன் ஆசனங்கள் மட்டும் உள்ள வகையில் 1.9 மீற்றர் நீளப் படுக்கை போடலாம். தனியாகவோ இருவராகவோ போவதற்கு அது போதும், எந்தக் கராஜிலும் அடங்கும். ஆனால் முழுச் சாமானுடன் றம்பொடை ஏற்றத்தையோ பெரகலையிலிருந்து அப்புத்தளை ஏற்றத்தையோ ஏறும்போது டேர்போ இல்லாத சிறு எஞ்சின் மிகவும் திணறும். வாங்குவதானால் டேர்போ வகையையே பாருங்கள்.

வீதியிலிருந்து கேற்றுக்குள் திரும்பவும் இடம் வேண்டும். சாதாரண ஹயஸ் வேனின் திரும்பும் ஆரை 5 மீற்றர், எவ்ரி வேனுக்கு 4.1 மீற்றர். பத்தடி ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒரே வெட்டில் திரும்ப முடியாது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வேனைக் கேட்டு ஒருமுறை திருப்பிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை.

4. கூரைக்கு மேல் ஏறுபவற்றை முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள்

வேன் அடங்கியது என்று மகிழ்ந்து, பிறகு கூரையில் பொருள் பொருத்திக் கராஜுக்கு வெளியே நிறுத்த வேண்டி வந்தவர்களை எனக்குத் தெரியும். கூரையில் பொருத்தும் காற்றோட்ட விசிறி மூடியிருக்கும்போதே 10 சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். கண்ணாடிச் சூரிய மின்தகடு மூன்று நான்கு சென்ரிமீற்றர் தடிப்புத்தான், ஆனால் தாங்கிகளுடன் சேர்த்தால் இரு மடங்காகும். சாமான் தட்டு அதைவிடவும் கூடும். எனக்கு மிஞ்சியது 7 சென்ரிமீற்றர் என்பதால், கூரையோடு ஒட்டும் மெல்லிய சூரியத் தகடு ஒன்றை மட்டும் போட்டு, விசிறிக்குப் பதிலாகப் பக்க யன்னல்களில் வலையடித்த காற்றுத் துவாரங்களை வைத்தேன். நம் குளிருக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

5. வேனை மழைநாளில் பாருங்கள்

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம்வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் சந்தையில் பழைய வேன்களே அதிகம், விலையும் அதிகம். புதுப் பெயின்றுக்கு அடியில் துரு ஒளிந்திருக்கும். கூரையோரத் தண்ணீர்ப் பீலி, சக்கர வளைவுகள், இழுவைக் கதவின் கீழ்த் தண்டவாளம், முன் ஆசனங்களுக்கு அடியிலுள்ள தகடு ஆகிய நான்கு இடங்களையும் விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தால் ஈரம் இருந்ததா என்பது தெரிந்துவிடும். மழை பெய்யும் நாளில் பார்க்கப் போனால் விற்பவர் சொல்லாததை வேனே சொல்லும். தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரை அழைத்துப்போய், ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டுப் பாருங்கள்.

6. பத்திரங்கள்

முற்பணத்துக்கு முன் பார்க்க வேண்டியது மூல வாகனப் பதிவுப் புத்தகம். பிரதியை ஏற்க வேண்டாம். அதிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வேனில் பொறிக்கப்பட்டவற்றுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான விடுவிப்புக் கடிதம் கையில் கிடைக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

உரிமை மாற்றத்துக்கு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 ஆகிய படிவங்கள் வேண்டும். இருவரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் அன்றே வாங்கி வையுங்கள். 14 நாட்களுக்குள் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். "ஓப்பன் பேப்பரில் எடுங்கள், பிறகு மாற்றலாம்" என்று சொல்பவர்களிடம் வாங்காதீர்கள். முன்னைய உரிமையாளர் வெளிநாடு போய்விட்டால் கையொப்பத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டிவரும். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் நடப்பில் இருக்கின்றனவா, எப்போது முடிகின்றன என்றும் பாருங்கள். அவை அடுத்த மாதமே முடிந்தால் அந்தச் செலவை விலையில் குறைக்கக் கேட்பது நியாயமானது.

இந்த வேன்கள் பெரும்பாலும் ஆளும் சாமானும் ஏற்றும் இருபயன்பாட்டு வாகனமாகவே பதியப்பட்டிருக்கும். கழற்றி மாட்டக்கூடிய படுக்கையும் பெட்டிகளும் வைப்பது வேறு, ஆசன எண்ணிக்கையையோ கூரையையோ மாற்றுவது வேறு. பின்னதைச் செய்யுமுன் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

7. வேலைக்கு ஏற்ற மாதம்

டிங்கரிங், பெயின்ற், தச்சு வேலைகளை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் காற்றில் பெயின்ற் காயாது, பலகை பருத்து இழுப்பறைகள் சிக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு வாரங்களில் எந்தப் பாஸும் கிடைக்க மாட்டார். எனக்குப் பலகை வேலை மூன்று வாரமும் மின்வேலை நான்கு நாட்களும் எடுத்தன. கட்டில் பலகைக்கு மட்டும் தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை போட்டுவிட்டு, மற்றவற்றுக்கு மலிவானது போதும் என்பது என் அனுபவம்.

8. கராஜுக்குள் விட்ட பிறகு

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சரிவின் கீழே பள்ளத்தில் அமைந்த கராஜில் அது வெளியேற வழியே இல்லை. ஆகவே பயணத்துக்கு 2.3 கிலோ சிலிண்டரையே வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி வெளியே, வெயில் படாத திறந்த இடத்தில் வைத்துவிடுங்கள். கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடக் கூடாது.

மெத்தையை நிமிர்த்தி வைத்து, யன்னல்களை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் லிதியம் மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகப் பழுதாகும்.

கடைசியாக, வேன் சரியான இடத்தில் நிற்கும்போது முன்சக்கரங்கள் தொடும் கோட்டில் இரண்டங்குல மரச்சட்டம் ஒன்றைத் தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். சக்கரம் அதைத் தொட்டதும் நிறுத்தினால், பின்னால் ரோலர் கதவும் இறங்கும், முன்னால் சுவரும் தப்பும். இரவில் தனியாக வந்து நிறுத்தும்போது டோர்ச் பிடிக்க யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது.